நின்று போகத் தெரிந்த பிறகு: சர்ஃபிங்கில் போர்டு தேர்வும் திருப்பங்களும்

நுரை அலையில் எழுந்து நிற்க வந்துவிட்டது. உடையாத பச்சை அலையையும் பத்துக்கு நான்கைந்து பிடித்துவிடுகிறீர்கள். பிடித்ததும் ஒரே கோட்டில் போகிறீர்கள், அலை தீர்ந்ததும் குதித்துவிடுகிறீர்கள். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் பயிற்சி வகுப்பை முடித்துவிட்டு வாரக் கடைசியில் கடலுக்கு வருகிறவர்களில் பலர் வெகுகாலம் தேங்கி நிற்கும் இடம் இதுதான். அங்கே பெரும்பாலோர் எடுக்கும் தவறான முடிவும் ஒன்றுதான். போர்டு திரும்பாததற்கு அதன் நீளமே காரணம் என்று எண்ணி, போட்டிக்காரர்கள் வைத்திருப்பதைப் போல ஆறடிக்கும் குறைவான மெல்லிய போர்டு ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். அதற்கப்புறம் பல மாதங்களுக்கு அலையே சிக்குவதில்லை. அலை சிக்காதவருக்குத் திருப்பம் பழக இடமே கிடையாது.

போர்டைத் திருப்புவது வேகம். வேகம் இல்லாத போர்டைச் சாய்த்தால் அது திரும்பாது, மூழ்கும். ஆகவே போர்டைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஒரு மணி நேரத்தில் இது எனக்கு எத்தனை அலை பிடித்துத் தரும் என்பதே. எவ்வளவு சுலபமாகத் திரும்பும் என்பது அதற்குப் பிறகு.

முதலில் கடலைப் பாருங்கள்

வெளிநாட்டு வீடியோக்களில் வரும் அலைக்கென்று செய்த போர்டு நம் கரைக்குப் பொருந்தாமல் போவதற்குக் காரணம் உண்டு. சோழமண்டலக் கரை கிழக்கு பார்த்தது. தென்மேற்குப் பருவக் காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து வரும் அலை, பாறை முனைகளைச் சுற்றி வளைந்து வடக்கு நோக்கி உடைந்துகொண்டே போகும். கரையைப் பார்த்து நிற்கிறவருக்கு அது வலப்பக்கம் ஓடும் அலை. கோவளம் முனையும், இலங்கையின் கிழக்குக் கரையில் அறுகம் குடாவும் இப்படித்தான் வேலை செய்கின்றன. மணல் கரைகளில் இரண்டு பக்கமும் உடையும்.

அந்த மாதங்களில் விடியற்காலையில் நிலத்திலிருந்து மேல்காற்று வீசும். மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் இந்தக் காற்று, அலையின் முகத்தைக் கண்ணாடிபோல் இழைத்துக் கொடுக்கும். பொழுது ஏறியதும் கடற்காற்று திரும்பிவிடும், முகம் கொத்துக் கொத்தாகக் கலைந்துபோகும். திருப்பம் பழகுகிறவர் காலை ஆறு மணிக்குத் தண்ணீரில் இருக்க வேண்டும். பத்தரைக்கு இறங்கிவிட்டு வரவில்லையே என்று நொந்துகொள்வதில் பயனில்லை.

முன்னறிவிப்பில் உயரத்தை மட்டும் பார்க்காமல் அலைக்கும் அலைக்கும் இடைவெளி எத்தனை விநாடி என்பதையும் பாருங்கள். 6, 7 விநாடி என்றால் உள்ளூர்க் காற்று கிளப்பிய அலை. தள்ளும் வலு குறைவு, சீக்கிரம் சரிந்துவிடும். 11, 12 விநாடிக்கு மேல் என்றால் தூரத்திலிருந்து வரும் அலை. உயரம் குறைவாக இருந்தாலும் உந்துதல் இருக்கும். நம் பக்கம் பெரும்பாலான நாட்களில் கிடைப்பது இடுப்பளவு, நெஞ்சளவு உயரமுள்ள வலுக்குறைந்த அலைதான். வலுக்குறைந்த அலைக்கு அகலமான, தட்டையான, மிதப்பு கூடிய போர்டு வேண்டும்.

ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் மீனவர்களுக்காகக் கடல் நிலை அறிவிப்புகளை வெளியிடுகிறது. கள்ளக்கடல், அதாவது திடீரெனப் பொங்கிவரும் பேரலை, பற்றிய எச்சரிக்கை வந்த நாளில் இறங்காதீர்கள். அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவத்தில் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும், புயல் சின்னங்களும் உருவாகும். திருப்பம் பழகுகிறவருக்கு ஏற்ற பருவம் அதுவல்ல.

எத்தனை லிட்டர்?

போர்டின் அடிப்பக்கத்தில் அல்லது நடுமரத்தை (நடுவே நீளவாக்கில் ஓடும் மரப்பட்டையை) ஒட்டி நீளம், அகலம், தடிமன் எழுதியிருக்கும். கூடவே லிட்டரில் ஒரு எண்ணும் இருக்கும். அதுதான் கொள்ளளவு, அதாவது மிதப்பு. இந்தக் கட்டத்தில் இருப்பவர் மற்ற மூன்றையும் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

கணக்கு எளிது. உங்கள் எடையை கிலோவில் எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை அலையைப் பிடிக்கிறீர்கள், ஆனால் இன்னும் நேராகவே போகிறீர்கள் என்றால் 0.7 முதல் 0.8 வரை பெருக்குங்கள். பாட்டம் டர்ன், அதாவது அலையின் கீழ்ப்பகுதியில் மேல்நோக்கிப் போடும் திருப்பம், இரண்டுக்கு ஒன்றாவது வருகிறது என்றால் 0.6. திருப்பங்களை விரும்பிய இடத்தில் போட முடிகிறது, வாரத்தில் மூன்று நாளாவது கடலுக்குப் போகிறீர்கள் என்றால் 0.5 வரை இறங்கலாம். 65 கிலோ உள்ளவருக்கு இது முதல் கட்டத்தில் ஏறத்தாழ 45 முதல் 52 லிட்டர், அடுத்ததில் 39, அதற்கடுத்து 33 என்று வரும். மாதத்துக்கு இரண்டு முறைதான் வர முடியும், அல்லது தோள் வலு குறைவு, அல்லது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது என்றால் 3 முதல் 5 லிட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். கூட்டியதால் யாரும் கெட்டதில்லை. குறைத்ததால் ஒரு பருவத்தையே இழந்தவர்கள் நிறைய.

அதே 65 கிலோ ஆளுக்கு முதல் போர்டு 7 அடி முதல் 7 அடி 6 அங்குலம் வரை, அகலம் 21 முதல் 22 அங்குலம், தடிமன் 2¾ அங்குலத்தை ஒட்டி இருக்கலாம். பயிற்சிப் பள்ளியில் கொடுக்கும் எட்டடி சாஃப்ட்-டாப்பிலிருந்து நேரடியாக 6 அடி 2-க்குத் தாவாமல், நடுவில் இந்த ஒரு படியில் காலை ஊன்றுங்கள். அதன் பிறகு 6 அடி 6.

லிட்டர் ஒன்றாகவே இருந்தாலும் வடிவம் போர்டின் குணத்தை மாற்றும். ராக்கர் என்பது பக்கவாட்டில் பார்க்கும்போது தெரியும் வளைவு. தட்டையாக இருந்தால் மெல்லிய அலையிலும் ஓடும். நன்றாக வளைந்திருந்தால் செங்குத்தான அலைக்குப் பொருந்தும், நம் ஊர் அலையிலோ தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நின்றுவிடும். முன்பக்கம் அகலமாகவும் உருண்டையாகவும் இருந்தால் பாடில் செய்வது, அதாவது படுத்துக் கையால் துழாவிப் போவது, சுலபம். டெயில், அதாவது பின்முனை, சதுரமாகவோ, நுனி வெட்டிய ஸ்குவாஷாகவோ, உருண்டையாகவோ இருக்கட்டும். ஊசிபோல் கூர்ந்து முடியும் ‘பின்’ (pin) டெயில் பெரிய அலைக்கானது. ரெயில், அதாவது ஓரம், நடுத்தரப் பருமனில் இருப்பது நல்லது. ஓரம் மிகவும் தடித்திருந்தால் தண்ணீருக்குள் சாயாது. மிகவும் மெல்லிசாக இருந்தால் சிறு பிழையையும் மன்னிக்காமல் கடித்துக் கவிழ்த்துவிடும்.

அளவு சரிதானா என்பதைத் தண்ணீரில் படுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மார்பை நிமிர்த்திப் படுத்து பாடில் செய்யும்போது முனை தண்ணீருக்கு மேல் இரண்டு மூன்று விரற்கடை நிற்க வேண்டும். முனை அதற்கு மேல் தூக்கி நின்றால் நீங்கள் பின்னால் படுத்திருக்கிறீர்கள், போர்டு தண்ணீரை உழுதுகொண்டு போகும். முனை மூழ்கினால் முன்னால் படுத்திருக்கிறீர்கள், அலை பிடிக்கும் கணத்தில் குத்திக் கவிழும். சரியான இடத்தைக் கண்டுபிடித்ததும், தாடைக்கு நேர்க் கீழே வேக்ஸால் (கால் வழுக்காமல் இருக்கப் போர்டில் தேய்க்கும் மெழுகால்) ஒரு கோடு போட்டு வையுங்கள்.

எந்தப் பொருளில் செய்தது

மூன்று வகை உண்டு. சாஃப்ட்-டாப் மேலே மெத்தென்ற நுரைத் தோல் கொண்டது. அடிபட்டாலும் காயம் குறைவு, பழுதும் குறைவு. அதிலும் நல்ல ஃபின் (போர்டின் அடியில் பின்பக்கம் மாட்டும் துடுப்பு) போட்டால் பாட்டம் டர்ன் வரைக்கும் தாராளமாகப் பழகலாம். இரண்டாவது பியு. பாலியூரித்தேன் நுரையின் மேல் பாலியஸ்டர் ரெசின் பூசியது. சற்றுக் கனம், தண்ணீரோடு ஒட்டி ஓடும், காற்றடித்துக் கலைந்த கடலில் அமைதியாக இருக்கும், ஆனால் சுலபத்தில் பள்ளம் விழும். மூன்றாவது எபாக்சி. இபிஎஸ் என்னும் தெர்மாகோல் வகை நுரையின் மேல் எபாக்சி ரெசின். எடை குறைவு, மிதப்பு அதிகம், மேல்தோல் உறுதி. பழகுகிறவருக்கு நான் பரிந்துரைப்பது எபாக்சிதான். இடுப்பளவு அலையில் அதன் மிதப்பு உதவும், வண்டியில் ஏற்றி இறக்கும்போது படும் அடியையும் தாங்கும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: வெயில். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள்ளோ மொட்டை மாடியிலோ வைத்தால் உள்ளிருக்கும் காற்று விரிந்து, தோல் நுரையை விட்டுக் கொப்பளம்போல் கிளம்பிவிடும். அப்படிக் கிளம்பிய போர்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம்.

பழுது பார்க்கும்போது இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். மீன்பிடி ஃபைபர் படகுகளுக்குப் பூசும் ரெசின் நம் குப்பங்களில் சுலபமாகக் கிடைக்கும், பூசத் தெரிந்த கைகளும் இருக்கின்றன. ஆனால் அது பாலியஸ்டர் ரெசின். பியு போர்டுக்குப் பொருந்தும். எபாக்சி போர்டின் ஓட்டை வழியே உள்ளே இபிஎஸ் நுரையில் பட்டால் நுரையைக் கரைத்துக் குழியாக்கிவிடும். உங்கள் போர்டு எந்த வகை என்று தெரியாவிட்டால் எபாக்சி ரெசினே போடுங்கள், அது இரண்டிலும் ஒட்டும். எந்த ரெசினாக இருந்தாலும், பூசுவதற்கு முன் விரிசலைக் கீழ்நோக்கி வைத்து நிழலில் இரண்டு மூன்று நாள் உலரவிடுங்கள். ஈரத்தோடு மூடினால் உள்ளே நுரை பழுத்து எடை கூடிக்கொண்டே போகும். கடலில் இருக்கும்போதே விரிசலைக் கண்டால் உடனே கரையேறிவிடுங்கள். இன்னும் நாலு அலை என்று இருந்தால் நுரை கடல் நீரை உறிஞ்சும்.

பழைய போர்டு வாங்குவது நல்ல யோசனை. கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை: கால் படும் இடங்களில் கட்டைவிரலால் அழுத்தினால் மேல்தோல் உள்ளே போய்த் திரும்புகிறதா? அப்படியென்றால் தோல் பிரிந்திருக்கிறது, விட்டுவிடுங்கள். குறுக்கே மேலும் கீழும் ஒரே இடத்தில் மடிப்புக் கோடு தெரிகிறதா? அது ஒருமுறை வளைந்து முறியவிருந்த போர்டு, மறுமுறை முறிந்துவிடும். ஃபின் பெட்டியைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா? அங்கேதான் தண்ணீர் அதிகம் புகும். டெயில் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்து முறுக்கம் இருக்கிறதா என்று கவனியுங்கள். மேலே குதிகால் பதிந்த சிறு குழிகளும் மஞ்சள் நிறமும் குற்றமல்ல, விலை பேச உதவும்.

ஃபின்

போர்டுக்குக் கொடுக்கும் யோசனையில் கால்பங்கைக்கூட யாரும் ஃபினுக்குக் கொடுப்பதில்லை. திருப்பத்தைத் தாங்கிப் பிடிப்பது இதுதான்.

ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் மூன்று ஃபின் அமைப்பைக் கொண்டுவந்து 1981-இல் பெல்ஸ் பீச் போட்டியை வென்ற பிறகு, அதுவே உலகெங்கும் பொது வழக்கம் ஆயிற்று. பழகுகிறவருக்கு இந்த மூன்று ஃபின் அமைப்பே போதும். இரண்டு ஃபின் வேகமாக ஓடும், ஆனால் சாய்க்கும்போது வழுக்கும். நான்கு ஃபின்னும் வேகம் தரும், மேலே ஏறித் திரும்புவதில் சற்று முரண்டு பிடிக்கும். இவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஃபின் அளவு உங்கள் எடையைப் பொறுத்தது. 55 கிலோ முதல் 70 வரை ஸ்மால், 65 முதல் 80 வரை மீடியம், 75-க்கு மேல் லார்ஜ் என்பது பொதுவான பகுப்பு. இரண்டுக்கும் நடுவில் வருகிறவர் பெரியதை எடுங்கள். டெயில் வழுக்குவதைவிடச் சற்று இறுக்கமாகப் பிடிப்பது இந்தக் கட்டத்தில் நல்லது. வாங்குவதற்கு முன் போர்டின் பெட்டியைப் பாருங்கள். எஃப்சிஎஸ், ஃபியூச்சர்ஸ் என்று ஃபின் மாட்டும் முறை இரண்டு உண்டு. எஃப்சிஎஸ் பெட்டியில் ஃபியூச்சர்ஸ் ஃபின் நுழையாது, ஃபியூச்சர்ஸ் பெட்டியில் எஃப்சிஎஸ் நுழையாது. ஃபியூச்சர்ஸில் நீண்ட ஒற்றைக் குழியும் முன்னால் ஒரு திருகும் இருக்கும். பழைய எஃப்சிஎஸ்ஸில் இரண்டு சிறு குழிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகு. எஃப்சிஎஸ் 2 திருகு இல்லாமலே பொருந்தும்.

மாட்டும்போது வழக்கமாக நடக்கும் பிழை, இடதையும் வலதையும் மாற்றிப் போடுவது. பக்க ஃபின்களில் ஒரு முகம் தட்டை, மறு முகம் புடைப்பு. தட்டை முகம் உள்ளே நடுமரத்தைப் பார்க்க வேண்டும், புடைப்பு வெளியே. முன் ஓரங்கள் இரண்டும் போர்டின் முனையை நோக்கிச் சற்று உள்வாங்கி நிற்கும். நடு ஃபினில் இரு பக்கமும் ஒரே புடைப்பு. திருகைக் கை இறுக்கத்துக்கு மேல் கால் சுற்று, அவ்வளவே. அதற்கு மேல் முறுக்கினால் பெட்டிக்குள் மரை தேய்ந்து, ஒருநாள் அலையில் ஃபின் கழன்று போகும். ஹெக்ஸ் சாவியும் இரண்டு உபரித் திருகும் எப்போதும் பையில் இருக்கட்டும்.

காலையும் போர்டையும் இணைக்கும் கயிறான லீஷின் நீளம் போர்டின் நீளத்துக்குச் சமமாக இருந்தால் போதும். 6 மில்லிமீட்டர் தடிமன் சரியானது. பின்காலில் கட்டுங்கள். டெயிலில் கட்டும் சிறு கயிறு போர்டின் விளிம்பைத் தாண்டி நீண்டிருக்கக் கூடாது. நீண்டிருந்தால் இழுபடும்போது கயிறு ரெயிலை ரம்பம்போல் அறுத்துவிடும். வேக்ஸ் வாங்கும்போது டிராபிகல் என்று போட்டதைப் பார்த்து வாங்குங்கள். நம் கடல் நீர் பெரும்பாலும் 26 பாகைக்கு மேல்தான் இருக்கும், குளிர்நீர் வேக்ஸ் வழிந்துபோகும். அடிப்பூச்சை வட்ட வட்டமாகத் தேய்த்து மணிமணியாக வந்த பிறகு, ஒவ்வொரு முறையும் மேல்பூச்சு. கடலுக்கு வரும் காலையில் தலைக்கும் காலுக்கும் தேங்காய் எண்ணெய் வேண்டாம். தொடையில் இருக்கும் எண்ணெய் வேக்ஸில் இறங்கி நாள் முழுக்க வழுக்கும்.

திருப்பத்துக்கு முன் கால்

போர்டைத் திருப்பும் அச்சு ஃபின்கள் இருக்கும் இடத்தில் இருக்கிறது. பின்கால் அங்கே இல்லாவிட்டால் எத்தனை சாய்ந்தாலும் போர்டு நேராகத்தான் போகும். ஏழடிப் போர்டில் எழுந்து நிற்கும்போது பின்கால் இயல்பாகவே ஃபினுக்கு ஒரு சாண் முன்னால்தான் வந்து விழும். பெரிய போர்டு திரும்பாது என்று பலர் சொல்வதன் காரணம் இதுதான். எழுந்து வேகம் பிடித்ததும் பின்காலை ஒரு அரை அடி பின்னால் நகர்த்தி, பக்க ஃபின்களுக்கும் நடு ஃபினுக்கும் இடைப்பட்ட இடத்துக்கு மேல் வையுங்கள். அதே போர்டு வேறு போர்டாகிவிடும். டெயிலில் ஒரு டிராக்ஷன் பேட் (கால் வழுக்காத திண்டு) ஒட்டினால், கீழே பார்க்காமலே காலுக்கு அந்த இடம் தெரிந்துவிடும். அலை முடிந்து நீந்தி வந்த பிறகு வேக்ஸில் பதிந்த தடத்தைப் பாருங்கள், கால் எங்கே இருந்தது என்பதை அது மறைக்காமல் சொல்லும்.

கால்களின் இடைவெளி தோள் அகலத்தைவிடச் சற்றே கூடுதல். அதற்கு மேல் விரிந்தால் முழங்கால் இரண்டும் வெளியே பிதுங்கி, இடுப்பு பூட்டிக்கொள்ளும். பின் முழங்காலை உள்பக்கம், முன்னங்காலை நோக்கி மடக்குங்கள். குனிவது முழங்காலிலும் கணுக்காலிலும் இருக்க வேண்டும், இடுப்பில் அல்ல. இடுப்பில் குனிந்தால் தலை போர்டுக்கு வெளியே போகும், உடம்பும் பின்னாலேயே போகும்.

பாட்டம் டர்ன்

எல்லாத் திருப்பத்துக்கும் தாய் இது. டாப் டர்ன் (அலையின் மேலே போய்க் கீழே திரும்புவது) வரவில்லை, கட்பேக் (உடையும் பக்கம் திரும்பி வருவது) வரவில்லை என்று சொல்கிறவர்களுக்குப் பத்தில் எட்டு முறை குறை இங்கேதான். இடதுகால் முன்வைப்பவர் வலப்பக்க அலையில் போவதாக வைத்துக்கொள்வோம். அலையைப் பார்த்தபடி இருக்கிறார்.

1. அலையின் முகத்தில் சாய்வாக இறங்குங்கள். அடிமட்டத்துத் தட்டைக்குப் போய்விட வேண்டாம், முகத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் தொடங்குங்கள். தட்டையில் வேகம் செத்துப்போகும்.
2. இறங்கும்போதே முழங்காலை மடக்கி உடம்பை அமுக்குங்கள். ஸ்பிரிங்கை அழுத்தி வைப்பதுபோல.
3. பார்வையைத் தூக்குங்கள். அலையின் உதட்டில், அதாவது உடையப்போகும் மேல் விளிம்பில், உங்களுக்கு ஒரு போர்டு நீளம் முன்னால், போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பாருங்கள். தலை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் இடுப்பு, இடுப்புக்குப் பின்னால் போர்டு.
4. பின்னங்கை, இங்கே வலக்கை, அலையின் பக்கம் தண்ணீரைத் தொடும் அளவுக்கு இறங்கட்டும். கால்விரல்களில் எடையை ஏற்றுங்கள். உள்பக்க ரெயில் தண்ணீருக்குள் இறங்குவது காலுக்குத் தெரியும்.
5. போர்டின் முனை மேலே பார்க்கும்வரை அப்படியே பொறுத்திருங்கள். பிறகு முழங்காலை நிமிர்த்துங்கள். அமுக்கி வைத்த விசை வெளிவந்து போர்டை முகத்தில் ஏற்றும்.

ஐந்தாவதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். ரெயில் பிடிப்பதற்குள் நிமிர்ந்துவிட்டால் போர்டு தட்டையாகி, பழைய நேர்கோடு திரும்ப வந்துவிடும். ஓர் அலையில் இதை மட்டும் செய்துவிட்டு, மேலே ஏறியதும் ஒன்றும் செய்யாமல் இறங்கி வாருங்கள். ஏறி இறங்குவதே முதல் வெற்றி. அதையே சிறிது சிறிதாக, முகத்தின் நடுப்பகுதியில் திரும்பத் திரும்பச் செய்தால் அது பம்பிங். வலுக்குறைந்த அலையில் வேகம் கூட்ட அதைவிட்டால் வழியில்லை.

மேலே போனதும்

டாப் டர்னில் தாமதமே எதிரி. முனை உதட்டைத் தொட்ட பிறகு திரும்பலாம் என்று இருந்தால் அலையின் முதுகுப்பக்கம் போய் விழுவீர்கள். முகத்தில் முக்கால்வாசி ஏறியதுமே பார்வை கீழே, திரும்பி வர வேண்டிய இடத்துக்குப் போக வேண்டும். முன்கை அந்த இடத்தைக் காட்டட்டும். எடை விரல்களிலிருந்து குதிகாலுக்கு மாறும், பின்கால் டெயிலைத் தள்ளும். ஒரேயடியாக உதைக்காமல் அழுத்தித் தள்ளுங்கள். உதைத்தால் டெயில் வழுக்கி, போர்டு காலை விட்டு ஓடும்.

கட்பேக்குக்கு இடம் வேறு. அலையின் வலு உடையும் இடத்துக்குப் பக்கத்தில், பாக்கெட் என்று சொல்லும் செங்குத்துப் பகுதியில் இருக்கிறது. நீங்கள் வேகமாக அதைத் தாண்டி முன்னால் வந்துவிட்டால், அலை சரிவு குறைந்து தோள்போல் படுத்திருக்கும். அங்கே போர்டு நின்றுவிடும். நிற்பதற்குள் திரும்பிப் பாக்கெட்டுக்கு வருவதுதான் கட்பேக். முகத்தின் நடு உயரத்தில், வேகம் இன்னும் இருக்கும்போதே தொடங்குங்கள். முன்தோளைத் திறந்து, பின்னால் உடைந்துவரும் நுரையைப் பாருங்கள், முன்கையால் சுட்டுங்கள். குதிகால் பக்க ரெயிலில் எடையைச் சாய்த்து, நுரையைப் பார்த்துப் போர்டு முழுதாகத் திரும்பும்வரை சாய்வை விடாதீர்கள். நிறையப் பேர் பாதி வட்டத்தில் நிமிர்ந்துவிடுவார்கள், நுரை அவர்களைக் கடந்து போய்விடும். முதலில் பெரிய, சோம்பலான வட்டமாகவே போடுங்கள். ஏழடிப் போர்டில் அது அழகாகவும் வரும். நுரைக்குப் பக்கத்தில் வந்ததும் எடையை மறுபடி விரல்களுக்கு மாற்றி அலை போகும் திசைக்குத் திரும்புங்கள்.

வலதுகால் முன்வைப்பவருக்கு நம் முனைகளில் அலை முதுகுப் பக்கம் இருக்கும். பாட்டம் டர்ன் குதிகாலில். நாற்காலியில் உட்காருவதுபோல் இடுப்பை இறக்கி, முன்தோளுக்கு மேலாக உதட்டைத் திரும்பிப் பாருங்கள். முதுகுப் பக்கம் பார்க்கச் சிரமம் என்பதால் பலர் கரையைப் பார்த்தபடியே இருப்பார்கள். அப்படிப் பார்த்தால் கரைக்குத்தான் போவீர்கள்.

எது கெடுகிறது, ஏன்

சாய்ந்தும் போர்டு நேரே போகிறதா? பின்கால் ஃபினுக்கு மேல் இல்லை, அல்லது கண் போர்டின் முனையைப் பார்க்கிறது. ரெயில் கடித்து முன்பக்கமாகத் தூக்கிப் போடுகிறதா? எடை முழுக்க முன்காலில் இருக்கிறது, அல்லது தட்டை நீரில் திருப்பினீர்கள். டெயில் வழுக்குகிறதா? ஃபின் சிறியது, அல்லது ரெயில் பதிவதற்குள் பின்கால் உதைத்துவிட்டது. திருப்பத்தின் நடுவில் போர்டு நின்றுபோகிறதா? தொடங்கும்போதே வேகம் போதவில்லை, அல்லது பின்காலில் உட்கார்ந்து பிரேக் போட்டுவிட்டீர்கள். கடைசிக் குறை நம் மெல்லிய அலையில் மிகமிகச் சகஜம். ஏறும்வரை எடை இரு கால்களிலும், தள்ளும் கணத்தில் மட்டும் பின்காலில்.

கரையிலும் பழகலாம். ஈர மணலில் உங்கள் போர்டின் உருவத்தைக் கோடு கிழித்து, ஃபின் இருக்கும் இடத்தையும் குறித்து, எழுந்து நிற்கும்போது கால் எங்கே விழுகிறது என்று இருபது முறை பாருங்கள். சர்ஃப் ஸ்கேட் (சர்ஃபிங் அசைவுக்கென்று செய்த சக்கரப் பலகை) கிடைத்தால் மெல்லிய சரிவில் கட்பேக்கின் தோள் அசைவைப் பழகலாம், தலைக்கவசத்தோடு. எல்லாவற்றையும்விட உதவுவது கரையிலிருந்து நண்பர் ஒருவர் கைபேசியில் எடுக்கும் வீடியோ. ஆழமாகக் குனிந்தோம் என்று நினைத்த இடத்தில் விறைத்து நின்றிருப்பது அதில் தெரியும். ஒரு காலைக்கு ஒரே ஒரு விஷயம் வைத்துக்கொள்ளுங்கள்: இன்று பார்வை, நாளை பின்கால். ஐந்தையும் சேர்த்து நினைத்தால் ஒன்றும் நடக்காது.

திருப்பம் வர ஆரம்பித்ததும் போர்டு எதிர்பாராத பக்கம் போகும். அலையின் உச்சிக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை சொந்தம். அவர் எழுந்துவிட்டால் குறுக்கே போகாதீர்கள். பக்கத்தில் குளிக்கிறவர்களோ வலை இழுக்கும் படகோ இருந்தால் அந்த இடத்தில் பழக வேண்டாம். விழும்போது தட்டையாக விழுங்கள், எழும்போது இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு எழுங்கள்.

அடுத்த போர்டுக்கு எப்போது மாறலாம்? பிடிக்கும் அலைகளில் முக்கால்வாசியில் பாட்டம் டர்ன் போட்டு மேலே ஏற முடிகிறது, இரு பக்கமும் போக வருகிறது, கட்பேக் போட்டுவிட்டு அதே அலையில் தொடர முடிகிறது, கூடவே டெயிலை இன்னும் வேகமாகத் திருப்ப நினைக்கும்போது போர்டுதான் பின்தங்குகிறது. இவை நான்கும் சேர்ந்து ஒரு மாதம் நீடித்தால் 4, 5 லிட்டர் குறைத்து, நீளத்தில் நாலைந்து அங்குலம் இறங்குங்கள். முடிந்தால் வாங்குவதற்கு முன் அந்த அளவில் ஒன்றை இரண்டு காலைப் பொழுதுகள் வாடகைக்கு எடுத்து, ஒன்று இடுப்பளவு அலையிலும் மற்றது நெஞ்சளவு அலையிலுமாக ஓட்டிப் பாருங்கள். பழைய போர்டை விற்காதீர்கள். சிறிய அலை நாட்கள் நம் கரையில்தான் அதிகம்.